தாயம்மாள் கொடுத்த துண்டு

தமிழ்ப் பத்திரிகைகளில் தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. முதல் பத்தியிலேயே அவளைத் தெய்வம் ஆக்கிவிடுகிறார்கள். இரண்டாம் பத்தியில் அவள் மெழுகுவர்த்தியாக உருகுகிறாள். மூன்றாம் பத்தியில் செத்துப் போகிறாள். சேதி கேட்டுப் பட்டணத்திலிருந்து ஓடிவந்த மகன் வாசலில் நின்று அழுகிறான். இந்த மாதிரிக் கதைகளை நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். படிக்கும்போது கண்ணில் நீர் வருவதும் உண்டு. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தால், அந்தத் தாய் எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன குழம்பு வைத்தாள், பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரைப்படிக் கம்பை எப்போது திருப்பிக் கொடுத்தாள் என்பதெல்லாம் ஞாபகத்தில் நிற்பதில்லை. கதாசிரியர் எழுதியிருந்தால் அல்லவா நிற்கும்? தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. தெய்வத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சௌகரியத்துக்காகத்தான் அவளைப் பீடத்தில் ஏற்றினோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எனக்கு வேண்டியது வேறு ஒரு கேள்விக்குப் பதில். பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வீட்டையும் நடத்துகிற ஒரு பெண்ணுக்கு, அடுத்த நாள் காலையில் மறுபடியும் எழுந்திருக்கத் தெம்பு எங்கிருந்து வருகிறது? சாமி கும்பிடுவதால் வருகிறது என்று சொல்லலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் கும்பிடத்தான் செய்கிறார்கள். கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் இருக்கிறாள். சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கங்குடி மாரியம்மன் இருக்கிறாள். ஊருக்கு ஊர் ஒரு காளியும் உண்டு. ஆனால் இருக்கங்குடிக்குப் போவது வருஷத்தில் ஒரு நாள். அடுப்பு மூட்டுவது தினம் இரண்டு வேளை. மிச்சமுள்ள நாட்களில் அவளைத் தாங்குவது எது? எந்தப் பெண்ணிடமாவது போய்க் கேட்டுப் பாருங்கள். “என்னத்தச் சொல்ல மதினி, ஓடுது பொழுது” என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்குத்தானே கதை எழுதுகிறவர்கள் என்று ஒரு சாதி இருக்கிறது?

கரிசலை ரயிலிலோ பஸ்ஸிலோ கடந்து போகிறவர்களுக்கு அது வெறும் பொட்டல். கறுத்த மண், வெடிப்பு, உடைமரம், தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். மண் மோசமான மண் அல்ல. மழை பெய்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே பருத்தியையும் சோளத்தையும் கம்பையும் உளுந்தையும் கரையேற்றிவிடுகிற மண். ஆனால் மழை பெய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இரங்கினால் உண்டு. இல்லையென்றால் வருஷம் முழுவதும் இல்லை. ஆற்றுப் பாய்ச்சலில் இருக்கிறவர்களுக்கு நம்பிக்கை என்பது மனசைப் பற்றிய ஒரு சொல்லாக இருக்கலாம். மானாவாரிக்காரனுக்கு அது விதைப்பெட்டியில் இருக்கிற சரக்கு. தின்றுவிடக் கூடியதை மண்ணில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது அவன் தொழில்.

அந்தச் சரக்கைத் தின்னாமல் காப்பாற்றி வைக்கிறவள் யார்? வீட்டுக்காரிதான். அரிசிச் சோறு நல்ல நாளைக்கு என்று இருந்த காலத்தில், தினப்படிச் சோறு கம்பும் சோளமும் குதிரைவாலியும். கம்பு அரிசி மாதிரி நேரே உலையில் போகாது. தண்ணீர் தெளித்து உரலில் குத்த வேண்டும். புடைத்து உமி போக்க வேண்டும். மறுபடியும் குத்த வேண்டும். அப்புறம் பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்து ஊதினால், சுருசுருவென்று எரிந்து தணிந்துவிடும்; பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குடிதண்ணீருக்கு ஒரு நடை, காட்டு வேலைக்கு ஒரு நடை, இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இன்று ரேஷன் அரிசி வந்துவிட்டது, மிக்ஸி வந்துவிட்டது. உரல் பல வீடுகளில் வாசலோரம் கவிழ்ந்து கிடக்கிறது. வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

இந்த மண்ணிலிருந்து எழுதக் கிளம்பியவர்கள் தாயைத் தெய்வம் ஆக்கவில்லை என்பது தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஒரே ஊரில், 1923-ஆம் வருஷம், ஒரே செப்டம்பர் மாதத்தில், சில நாள் இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. இரண்டு பேருக்கும் பின்னால் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970-ல், அதுவும் அவர் கண்ணை மூடிய பிறகு. கி.ரா.வுக்கு 1991-ல். பரிசு கிடக்கட்டும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சிறு கதையில் ஆளுக்கு ஒரு கரிசல் தாயை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படிக்காத வாசகர்கள் குறைவு. படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. தீபாவளி நெருங்குகிற நேரம். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பணக்கார வீட்டுப் பிள்ளை ராமசாமியும் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விளையாடுகிறார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்ற விளையாட்டு. அதில் ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாளும் அவள் அண்ணன்மாரும் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? இது கதையின் ஒரு கரை. இன்னொரு கரையில், அவர்களுடைய தாய் தாயம்மாளின் வீட்டு வாசலுக்கு, மழையும் இருட்டுமான வேளையில், உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஓர் அநாதைப் பையன் வந்து சேருகிறான். அவள் அவனுக்குச் சோறு போடுகிறாள். தீபாவளிக் காலையில் தன் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளைகள் புதுத்துணி உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். இவனுக்கு? கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டு ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். பையனின் பெயர் ராஜா. ராமசாமி வீட்டுக்கும் தீபாவளிக்கு ஒரு பெரிய இடத்து மாப்பிள்ளை வந்திருக்கிறார். அவரையும் ராஜா என்றுதான் சொல்லுகிறார்கள். அந்தப் பெருமையை ராமசாமி வந்து அடித்துக்கொள்ளும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் பதில் கொடுக்கிறாள். கதை முடிந்துவிட்டது.

விமரிசகர்கள் இந்தக் கதையை மனிதநேயக் கதை என்று சொல்லி ஒரு முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மனிதநேயம் நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல்லால் கதையில் இருக்கிற மிக நுட்பமான விஷயம் மறைந்துபோகிறது. அந்தத் துண்டைத்தான் சொல்லுகிறேன்.

இல்லாத வீட்டில் சும்மா கிடக்கும் துணி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு முழத்தின் மேலும் ஒருவருடைய பெயர் எழுதியிருக்கும். பெட்டியில் பத்துத் துண்டு வைத்திருக்கிறவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அது தர்மம். அதை நாலு பேர் பார்க்கக் கொடுக்கலாம். தாயம்மாள் கொடுத்தது அவளுடைய துண்டு அல்ல. இன்னொருவனுக்காக வாங்கி, அவன் தோளில் போட்டுக்கொள்ளப்போகிறான் என்று மனசில் பார்த்து வைத்த துண்டு. தன்னுடையதை இழப்பதற்கு மனசு மட்டும் இருந்தால் போதும். அடுத்தவனுடையதை எடுத்துக் கொடுக்க இன்னொன்றும் வேண்டும்: அவன் வந்து கேட்டால் புரிந்துகொள்வான் என்ற தைரியம். இந்தக் கதையில் நான் பார்க்கிற நம்பிக்கை இதுதான். வானத்தை நோக்கிய நம்பிக்கை இல்லை. தன் வீட்டு மனுஷன்மேல் ஒரு பெண் வைத்திருக்கிற நம்பிக்கை. அழகிரிசாமி இதை ஓரிடத்திலும் விளக்கிச் சொல்லவில்லை. துண்டை மட்டும் வைத்தார். கணவனுக்கு வாங்கிய துண்டு என்பதற்குப் பதிலாக, தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள் என்று எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? பத்திரிகைக் கதை ஆகியிருக்கும். தியாகச் சுடர் எரிந்திருக்கும். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

இனி அந்த முடிவு. ‘ராஜா’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கதாசிரியர் சாமர்த்தியம் காட்டுகிறார் என்று ஒரு நண்பர் என்னிடம் குறைப்பட்டதுண்டு. எனக்குச் சம்மதமில்லை. கதை தொடங்கியபோது பிள்ளைகள் என்ன விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டால் அப்படித்தான் தோன்றும். உன்னிடம் உண்டா, என்னிடம் உண்டு என்ற விளையாட்டில் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு எப்போதும் கடைசியில் கை காலியாகத்தான் இருக்கும். இந்த ஒரு தடவை அவள் கையில் போட்டிக்கு இறக்க ஒன்று இருக்கிறது. அதை அவள் கையில் வைத்தது யார்? அடுப்படியில் நின்ற அவளுடைய அம்மா. தாயம்மாள் அதற்காக அதைச் செய்யவில்லை. தன் மகளுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பையனுக்குச் சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், அவ்வளவுதான். அந்த வேலையை மங்கம்மாள் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு ஜமீன் மாப்பிள்ளைக்கு எதிரில் நிறுத்திவிட்டாள். வீட்டு வேலைக்குக் கிடைத்த கௌரவம் என்று தமிழ்ச் சிறுகதையில் இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் படித்ததில்லை.

ஒரே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மங்கம்மாள் சொன்னது நம் காதில் விழுகிறது. ராமசாமியின் காதில் விழுகிறது. தாயம்மாளின் காதில்? இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

கி.ரா.வின் ‘கதவு’ 1950-களின் இறுதியில் வந்த கதை. அங்கே தாயின் பெயர் ரங்கம்மாள். கணவன் மணிமுத்தாறு அணை வேலைக்குப் போனவன். அவனிடமிருந்து தகவல் இல்லை. அவள் காட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கிறாள். லட்சுமியும் சீனிவாசனும் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ஆடி, அதையே பஸ்ஸாக்கித் திருநெல்வேலிக்குப் பயணம் போகிறார்கள். கதவில் ஒரு தீப்பெட்டிப் படம் ஒட்டியிருக்கிறது. கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் சித்திரக்கூடம்! தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறான். பிள்ளைகள் முதலில் அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வாடைக்காலம் வருகிறது. கதவில்லாத வீட்டுக்குள் எது நுழைய வேண்டுமோ அதெல்லாம் நுழைகிறது. கடைசியில் சாவடிப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு அருமையான கதை என்பதைப் பற்றி அநேகர் எழுதிவிட்டார்கள். நான் கவனித்தது ரங்கம்மாளை. அவள் கதையில் மிகக் குறைவாகவே பேசுகிறாள். கதவு போன அன்று அந்தப் பெண் எப்படித் தூங்கினாள் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பம் நடத்துகிறவளுக்குக் கதவு வெறும் பலகை இல்லை. அதைச் சாத்திவிட்டுத்தான் அவள் காட்டுக்குப் போக முடியும். அதைச் சாத்திவிட்டுத்தான் புருஷன் ஊரில் இல்லாத இரவில் அவள் கண்ணை மூட முடியும். சட்டியில் மிஞ்சிய கஞ்சிக்கு அதுதான் காவல். சர்க்கார் வரிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு போனது அவளுடைய தூக்கத்தை. இத்தனையும் கதையில் இருக்கிறது. ஆனால் ரங்கம்மாளுக்குள்ளே இல்லை. வெளியே, பிள்ளைகளைச் சுற்றி இருக்கிறது. கி.ரா. நம்மைப் பிள்ளைகளின் உயரத்திலேயே நிறுத்திவிடுகிறார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அம்மாவின் முகம் தெரியாது, முந்தானைதான் தெரியும்.

நான் இப்படிச் சொல்வதால் கி.ரா.வைக் குறைத்துவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெண்களின் பேச்சை அவரைப்போலக் காது கொடுத்துக் கேட்டவர் தமிழில் அபூர்வம். 1982-ல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டினாலே அது தெரியும்; ஒரு வட்டாரத்தின் சொற்களை இப்படித் தேடித் திரட்டுகிறவனுக்குத் தாழ்வாரத்திலும் அடுக்களை வாசலிலும் பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1976-ல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்து இந்தக் கரிசலில் காட்டைத் திருத்திக் குடியேறிய ஜனங்களின் கதை முழுவதையும் மங்கத்தாயாரு அம்மாள் என்கிற பூட்டியின் வாயில் அல்லவா வைத்தார்? வயசுக்குக் கணக்கில்லாத கிழவி. ஆற்றங்கரையில் மரம் வளைந்து கொடுத்து அக்கரை சேர்த்தது என்று அவள் சொன்னால் நாமும் நம்புகிறோம். நம்பிக்கை பரம்பரை பரம்பரையாக வீட்டில் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு அந்தக் கிழவியைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவள் பேசுகிற வயசைப் பாருங்கள். குத்துகிற, பெறுகிற, சுமக்கிற காலமெல்லாம் கடந்துபோய்த் திண்ணைக்கு வந்துவிட்டவள். இளம் வயசில், இடுப்பில் பிள்ளையோடு இருந்த மங்கத்தாயாரு என்ன நினைத்தாள்? பூட்டி ஆகும்வரை பெண்ணுக்குப் பேச நேரமில்லை என்று கி.ரா. குறிப்பாகச் சொல்லுகிறாரோ என்னவோ!

கார்க்கியின் ‘தாய்’ நாவல் நமக்கு ரகுநாதனின் தமிழில் கிடைத்தது. அந்த நீலவ்னா அடி வாங்கி அடி வாங்கி ஒடுங்கிப் போனவள். மகன் போன வழியில் போய், துண்டுப் பிரசுரம் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் பயம் தெளிந்து நிமிர்ந்து நிற்கிறாள். மகத்தான சிருஷ்டி. ஆனால் அவள் நிமிர்வதற்கு வீட்டுப்படியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தாயம்மாள் படியைத் தாண்டவில்லை. அவளுடைய விஷயம் முழுவதும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்து முடிந்துவிடுகிறது. எது பெரிது என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. நம் பெண்களில் பெரும்பாலோர் தாயம்மாள் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே எனக்கு அவளிடம் அக்கறை அதிகம்.

கரிசலில் பின்னால் வந்தவர்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பூமணியும் சோ. தர்மனும் இந்தப் பூமியை இன்னும் கீழே தோண்டிக் காட்டினார்கள். அவர்கள் காட்டிய சாதிக் கொடுமையும் பசியும் இடைசெவல்காரர்கள் எழுதாதவை. மேலாண்மை பொன்னுச்சாமி ஏழைத் தாய்மாரைப் பற்றி நிறைய எழுதினார். அவருக்குத் தம் பாத்திரங்களின்மேல் இருந்த பாசம் பெரிது. அந்தப் பாசத்தினாலேயே பல இடங்களில் தாமே முன்னால் வந்து பேசிவிடுவார். தாய்க்குப் பேச இடம் இல்லாமல் போய்விடும். ஆக, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். எழுதியவர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து அடுக்களையைப் பார்த்தவர்கள். மிக அன்பாகப் பார்த்தார்கள், நன்றியோடு பார்த்தார்கள். இருந்தாலும் புகை இருக்கிற பக்கம் வேறு.

புகை இருக்கிற பக்கத்திலிருந்து குரலே வந்ததில்லையா? ஒன்று வந்திருக்கிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே இதே கறுப்பு மண்ணில்தான் எட்டயபுரம் இருக்கிறது. 1897-ல் அந்த ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பதினைந்து வயது முடியவில்லை, பெண்ணுக்கு ஏழு. மாப்பிள்ளை சுப்பிரமணிய பாரதி என்று பேர் வாங்கினார். பெண், கடையத்துச் செல்லம்மாள், பிற்காலத்தில் தம் மகள் தங்கம்மாளிடம் சொல்லி எழுதவைத்த ‘பாரதியார் சரித்திரம்’ என்ற புத்தகத்தைக் கவியைப் பற்றித் தகவல் தேடுகிறவர்கள் மட்டுமே படிக்கிறார்கள். அதை ஒரு குடும்ப ஸ்திரீயின் புத்தகமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கணவனைப் போற்றுகிற புத்தகம்தான். ஆனால் போற்றுகிறவளுக்கு வீட்டில் அரிசி எவ்வளவு இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

குருவிகளுக்கு அரிசி போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். புதுச்சேரியில், சமையலுக்காக வைத்திருந்த அரிசியைப் பாரதியார் அள்ளிச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டார் என்பது. பேச்சாளர்கள் மேடையில் இதைச் சொல்லாத பாரதி விழா கிடையாது. கூட்டம் கைதட்டும். நான் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முறத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். அந்த அரிசி வீட்டுக்குள் வந்து சேர யார் யாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும். புடைத்து, கல் பொறுக்கி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவளுக்கு அடிவயிறு என்ன பாடு பட்டிருக்கும்! இரண்டு பெண் குழந்தைகளுக்கு அன்று மத்தியானம் சாதம் வேண்டுமே!

தாயம்மாளின் துண்டையும் இந்த அரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் கொடைதான். கவி கொடுத்தபோது அதன் விலை அவருக்குத் தெரியாது. தெரியாததனால்தான் அவ்வளவு அழகாகக் கொடுக்க முடிந்தது. தாயம்மாளுக்கு விலை பைசா சுத்தமாகத் தெரியும். தெரிந்தும் கொடுத்தாள். செல்லம்மாளுடைய நிலை இன்னும் சிரமமானது. அவள் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவள் அந்த வீட்டில் அடுப்பை மூட்டினாள். அதற்கு என்ன பெயர் சொல்வது? பொறுமை என்று சொன்னால் மறுபடியும் பீடத்தில் ஏற்றியதாகிவிடும். அவள் கோபித்துக்கொண்டாள், அழுதாள், கவலைப்பட்டாள். அதையெல்லாம் மறைக்கவும் இல்லை. 1921-ல் பாரதியார் மறைந்ததும், அடுத்த வருஷமே சென்னையில் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் தம் கணவரின் பாட்டுகளை அச்சிட்டுப் புத்தகமாக வெளியிட்டவளும் அவள்தான். வயிற்றுக்கில்லாத வீட்டில் எழுதப்பட்ட பாட்டுகள் உலகத்துக்கு வேண்டும் என்று ஒரு விதவை நம்பி, அச்சுக்கூடத்துக்குப் பணம் தேடினாள். கேட்டு வாங்கப் பெரிய கூட்டம் காத்திருக்கவில்லை. மானாவாரி விதைப்பு என்றால் இதுதான்.

1951-ல் திருச்சி வானொலி நிலையத்திலிருந்து செல்லம்மாள் ‘என் கணவர்’ என்று ஒரு பேச்சுப் பேசினார். ஒரு கவிஞனோடு குடும்பம் நடத்துவது எத்தனை சிரமம் என்பதை அதில் ஒளிக்காமல் சொன்னார். கவலையில்லாமல் ஒரு குடித்தனம் நடத்த வேண்டும் என்ற ஆசை தனக்கும் இருந்ததை ஒப்புக்கொண்டார். நாடு முழுவதும் மகாகவி என்று கொண்டாடுகிற ஒருவரைப் பற்றி, அவருக்குச் சோறு போட்டவள், பெருமையும் குறையுமாகப் பேசினாள். நாலு வருஷத்தில், 1955-ல், அவரும் போய்விட்டார். அழகிரிசாமியின் தாயம்மாள் கதையில் பேசாததை எல்லாம் செல்லம்மாள் வானொலியில் பேசிவிட்டுப் போனார் என்று சொல்லத் தோன்றுகிறது. கற்பனைப் பாத்திரத்தையும் உண்மை மனுஷியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசலாமா என்று பண்டிதர்கள் கேட்பார்கள். இருவருக்கும் அடுப்பு ஒன்றுதான், ஆகவே பேசலாம்.

இரண்டு பிள்ளைகளுக்குச் சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் எழுதுகிறவள் நான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். 2023-ஆம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. ‘உதவி’ என்று போடாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவில் அந்த ஒரு சொல்லைப் பற்றி நடந்த பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு நாவல் எழுதலாம். அவங்க குடுக்காங்களா, நாம வாங்குதோமா என்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஒரு அக்கா கேட்டார். பணத்தைவிட அந்தக் கேள்வி அவருக்குத் தெம்பாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. சர்க்கார்கூடக் கொஞ்சம் அசைந்து கொடுத்துவிட்டது. கதைகள்தான் இன்னும் ‘தெய்வமே’ என்று கும்பிட்டுவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்து போகின்றன.

மங்கம்மாள் தெருவில் சொன்ன வார்த்தை தாயம்மாளின் காதில் விழுந்ததா என்று கேட்டிருந்தேன். விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அழகிரிசாமி கதையை நிறுத்திய இடம் சரியான இடம். அதற்குமேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் கெட்டிருக்கும். ஆனால் கதை நின்றாலும் வீடு நிற்காதல்லவா? தீபாவளிக்கு மறுநாள் விடிகிறது. ராஜாவுக்குச் சிரங்கு இன்னும் ஆறவில்லை. கம்புப் பானையில் ஒரு வாய்க்குக் கணக்குக் கூடியிருக்கிறது. கணவன் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்து, துண்டு எங்கே என்று ஒரு பேச்சுக்குக் கேட்கிறான். தாயம்மாள் அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே, திரும்பாமல் ஏதோ பதில் சொல்லுகிறாள். என்ன சொன்னாள்? அந்தப் பதிலை, கரிசலில் குடித்தனம் நடத்துகிற ஒரு பெண் எழுதி நான் படிக்க வேண்டும். எந்தப் பத்திரிகையில் வந்தாலும் சரி, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் முதல் பிரதி என்னுடையது.